பூனையை அழிக்கவேண்டாம்

கேள்வி: திருகோணமலை உப்புவெளிப் பக்கம் ஒரு முன்பள்ளியில் கற்பிக்கிறேன். கோட்டை மான்களில் ‘புள்ளி’ என்ற ஒரு குட்டியைப் பற்றிக் கதை எழுதி, தம்பியைக்கொண்டு படமும் கீறுவித்திருக்கிறேன். கோட்டையை விட்டு வெளியே வரும் குட்டி சந்தைப் பக்கம் போய்ப் பொலித்தீன் பையைத் தின்று, நோயில் விழுந்து, மிருக வைத்தியரால் பிழைக்கிறது. கடைசிப் பக்கத்தில் காகம், ஆமை, மீன் எல்லாம் கூடிக் குப்பை போடக்கூடாது என்று சொல்கின்றன. மொத்தம் 19 பக்கம். வகுப்பில் வாசித்துக் காட்டினேன். ஐந்தாம் பக்கத்துக்கு மேல் ஒருவரும் கதையைக் கேட்கவில்லை. மூன்றாம் பக்கத்து மீன்கடைப் படத்தின் மூலையில் தம்பி சும்மா ஒரு பூனையைக் கீறியிருந்தான். “பூனை எங்கே போனது?” என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பெயர்கூட வைத்துவிட்டார்கள். அதனால் பூனையை அழித்துவிடச் சொல்லியிருக்கிறேன். இந்தியாவிலும் விற்கலாம் என்பதால் ‘கச்சான்’ என்பதை ‘வேர்க்கடலை’ என்று மாற்றும்படி ஒருவர் சொல்கிறார். படக்கதைப் புத்தகத்துக்கு நல்ல எழுத்து எது, நல்ல படம் எது? நாங்கள் எங்கே பிழைவிட்டோம்?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

முதல் வேலையாகத் தம்பியின் கையிலிருந்து அழிறப்பரைப் பிடுங்குங்கள். நீங்கள் அனுப்பிய பிரதியை இரண்டு தரம் வாசித்தேன். அதில் படக்கதைப் புத்தகத்துக்குரிய உயிரோடு இருப்பது அந்தப் பூனை ஒன்றுதான். மற்றதெல்லாம் கதை, அதற்குப் பக்கத்தில் படம்.

பிள்ளைகள் கவனிக்காமல் இருந்தார்கள் என்று வருந்துகிறீர்கள். அவர்கள் உங்களைவிடக் கவனமாக வாசித்திருக்கிறார்கள். நான்கு வயதுப் பிள்ளைக்கு எழுத்துத் தெரியாது. நீங்கள் வாசிக்கிறீர்கள், அது கேட்கிறது. ஆனால் காது உங்களிடம் இருக்கும்போது கண் சும்மா இருக்குமா? படத்தின் மூலை முடுக்கெல்லாம் மேய்ந்துவிட்டு வரும். காதுக்குக் கிடைத்ததும் கண்ணுக்குக் கிடைத்ததும் ஒன்றாகவே இருந்தால் கண்ணுக்குச் சலித்துவிடும். உங்கள் மான் அப்படித்தான் சலித்துப்போனது. பூனையைப் பற்றி நீங்கள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதனால் அது பிள்ளைகளுடைய சொத்தாகிவிட்டது.

உங்கள் முதற் பக்கம் இது: “ஓர் அழகிய காலைப் பொழுதில், நீல வானத்தின் கீழ், பழுப்பு நிற உடலில் வெண்புள்ளிகள் கொண்ட சின்னஞ்சிறு மான்குட்டி ஒன்று பழைமையான கோட்டை வாசலிலிருந்து துள்ளித் துள்ளி வெளியே வந்தது.” தம்பி கீறியிருப்பது என்ன? காலை, நீல வானம், பழுப்பு உடல், வெண்புள்ளி, கோட்டை வாசல், துள்ளல். 22 சொல்லை நீங்கள் வாசித்து முடிப்பதற்குள் பிள்ளை எல்லாவற்றையும் பார்த்து முடித்து, அடுத்தது என்ன என்று காத்திருக்கிறது. அடுத்த பக்கத்திலும் இதே கதைதான்.

படத்தால் சொல்லமுடியாதவை சில உண்டு. பசியைக் கீறுவது கஷ்டம். ‘நேற்றும் இப்படித்தான்’ என்பதைக் கீறமுடியாது. மணம், சத்தம், பெயர், மனதுக்குள் ஓடுவது, இன்னும் நடக்காதது, இவையெல்லாம் எழுத்தின் பங்கு. நிறம், பருமன், இடம், உடை, வெயில், மழை எல்லாம் படத்தின் பங்கு. அந்தப் பங்கில் கைவைக்காமல் உங்கள் முதற் பக்கத்தை நான் எழுதினால் இப்படி வரும்: “புள்ளிக்குப் பசித்தது. அம்மா இன்னும் எழும்பவில்லை.” கோட்டையும் வானமும் தம்பியிடமே இருக்கட்டும். குட்டி வாசலைத் தாண்டும் படத்தைப் பார்த்துக்கொண்டே இந்த இரண்டு வரியையும் கேட்கிற பிள்ளை, அம்மாவுக்குச் சொல்லாமல் போகிறது என்பதைத் தானே கண்டுபிடித்துவிடும். அதை நீங்களும் எழுதவில்லை, தம்பியும் கீறவில்லை.

ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு சோதனை செய்யலாம். படத்தைக் கையால் மூடிக்கொண்டு எழுத்தை மட்டும் வாசியுங்கள். எல்லாம் விளங்கினால் அந்தப் படம் வெறும் அலங்காரம். பிறகு எழுத்தை மூடிவிட்டுப் படத்தைப் பாருங்கள். அப்போதும் எல்லாம் விளங்கினால் எழுத்தை வெட்டலாம். நான் இந்தச் சோதனையை வைத்தபோது உங்கள் 19 பக்கத்தில் தப்பியவை நான்கு. நாங்கள் எல்லோரும் பாடப் புத்தகத்தில் வளர்ந்தவர்கள். அங்கே படம் பாடத்துக்குத் துணையாக வருவது, எடுத்துவிட்டாலும் பாடம் நிற்கும். அந்தப் பழக்கம் கையை விட்டுப் போக நாளெடுக்கும், எனக்கும் எடுத்தது.

பூனைக்கு வருகிறேன். இங்கிலாந்துக்காரியான பாற் ஹட்சின்ஸ் 1968-இல் வெளியிட்ட தம் முதற் புத்தகத்தில் மொத்தம் 32 சொற்கள்தான் எழுதினார். ஒரு கோழி பண்ணையைச் சுற்றி உலாவிவிட்டுச் சாப்பாட்டுக்கு நேரத்துக்கு வீடு திரும்புகிறது, அவ்வளவுதான் எழுத்து. படத்திலோ ஒரு நரி தொடக்கத்திலிருந்தே கோழியின் பின்னால் வந்து, ஒவ்வொரு பாய்ச்சலிலும் எதிலாவது மாட்டி அடிபடுகிறது. ‘நரி’ என்ற சொல் அந்த 32 சொல்லுக்குள் இல்லை. கோழிக்கு நரி வருவது தெரியாது. வாசித்துக் காட்டுகிற பெரியவருக்கும் தெரியாததுபோல எழுத்து நடந்துகொள்கிறது. தெரிந்தது பிள்ளைக்கு மட்டும். வாசிக்கத் தெரியாத ஒருவருக்கு, வாசிக்கத் தெரிந்தவரைவிட அதிகம் தெரிந்திருக்கிறது! அந்தப் பெருமைக்காகவே பிள்ளைகள் திரும்பத் திரும்ப அதை வாசிக்கக் கேட்பார்கள்.

உங்கள் பூனையும் அந்த வேலைக்கு வந்து காத்து நிற்கிறது. எல்லாப் பக்கத்திலும் அதைக் கீறச் சொல்லுங்கள். எழுத்தில் ஒரு இடத்திலும் அதன் பெயரை எடுக்கவேண்டாம். அதற்கும் ஒரு வேலை வேண்டும், சும்மா உட்கார்ந்திருந்தால் மூன்றாம் பக்கத்தோடு பிள்ளைகள் அதையும் கைவிடுவார்கள். அந்தப் பொலித்தீன் பை மீன்கடையிலிருந்து வந்ததுதானே? அதில் மீன் மணம் இருக்கும். குட்டிக்கு முதலே பூனை அந்தப் பையின் பின்னால் போகலாம். காற்று பையைத் தூக்கிக்கொண்டு ஓடலாம். அதற்கு மேல் நான் சொன்னால் கதை என்னுடையதாகிவிடும். நிறுத்திக்கொள்கிறேன்.

பக்கம் புரட்டுவதை நீங்கள் இன்னும் பயன்படுத்தவே இல்லை. கோணேசர் கோவிலுக்குப் போகும்போது கோட்டை வாசலுக்குள் நுழைவோம் அல்லவா? ஒரு கணம் இருட்டு, தடித்த சுவர், எதிரே வெளிச்சத்தின் ஒரு துண்டு. வெளியே கால்வைத்ததும் மரமும் மானுமாய் வேறோர் இடம். பக்கம் புரட்டுவதும் அதுதான். வலப்பக்கத்தின் கடைசியில் பிள்ளையை இருட்டுக்குள் நிறுத்தவேண்டும், புரட்டியதும் வெளிச்சத்தில் விடவேண்டும். உங்கள் ஆறாம் பக்கத்தில் “அங்கே என்ன கிடந்தது தெரியுமா?” என்று கேட்டுவிட்டு, எதிரே ஏழாம் பக்கத்தில் பையைப் பெரிதாகக் கீறி வைத்திருக்கிறீர்கள். கேள்வியும் பதிலும் ஒரே பார்வையில் விழுகின்றன. கேள்வியை ஏழுக்குத் தள்ளி, பையை எட்டில் வையுங்கள்.

இதில் தமிழுக்கு ஒரு வசதி இருக்கிறது. நமக்கு வினை கடைசியில் வருகிறது. எச்சங்களை எத்தனை வேண்டுமானாலும் அடுக்கிக்கொண்டு போகலாம், முற்றுவினை வரும்வரை மூச்சு விடமுடியாது. “புள்ளி ஓடி, வாளியைத் தாண்டி, ஐஸ் பெட்டியில் ஏறி, மீன் செதிலில் வழுக்கி...” என்று வலப்பக்கத்தில் விட்டுவிடுங்கள். புரட்டினால், “தொப்!” அடுத்த முறை அதே இடம் வரும்போது உங்கள் வகுப்பு முழுவதும் ‘தொப்’ என்று கத்தும். இலக்கண வகுப்பில் வினையெச்சத்தை இப்படிக் கற்பித்திருந்தால் நானும் அதை விரும்பியிருப்பேன்.

சொல்லுக்கு வருவோம். உங்கள் மான் ‘வினவுகிறது’, ‘செவிமடுக்கிறது’, ‘அகமகிழ்கிறது’. வகுப்பில் பிள்ளைகளோடு கதைக்கும்போது இந்த மூன்றையும் நீங்கள் ஒருநாளாவது சொன்னதுண்டா? கேட்டது, சந்தோஷப்பட்டது என்று எழுதினால் தமிழுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. அதற்காகக் கதை முழுவதையும் பேச்சில் இறக்கவும் வேண்டாம். கதைசொல்பவரின் குரல் எளிய எழுத்துத் தமிழில் இருக்கட்டும். மேற்கோளுக்குள் பேசுகிறவர்கள் உங்கள் ஊர்ப் பேச்சிலேயே பேசட்டும். வசனத்தை வாய்விட்டு வாசியுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வெட்டுங்கள். ‘துள்ளிக்குதித்தோடிக்கொண்டிருந்தபோது’ என்று ஒரு சொல்லை வரியின் முழு நீளத்துக்கும் படுக்கவைத்திருக்கிறீர்கள். எழுத்துக் கூட்டப் பழகும் ஐந்து வயதுப் பிள்ளை அதன் நடுவில் இறங்கிப் போய்விடும்.

ஒன்பதாம் பக்கத்திலிருந்து திடீரென்று பாட்டு வருகிறது. மான், ஏன், தேன் என்று வரிகள் முடிகின்றன. இந்தக் கதைக்குள் தேன் எங்கிருந்து வந்தது? இயைபுக்காக வந்தது. பிள்ளைகள் உடனே கண்டுபிடித்து “தேன் எங்கே?” என்று படத்தில் தேடுவார்கள். தமிழ்க் காதுக்கு வரி முடிவில் ஒலி ஒத்துப்போகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை, தொடக்கம் ஒத்தாலே போதும். புள்ளி, பூனை, பொலித்தீன் என்ற மூன்றும் பு, பூ, பொ என்று தானாகவே மோனையாக விழுந்திருக்கின்றன. உ, ஊ, ஒ, ஓ ஓரினம் என்பது நீங்கள் படித்ததுதான். தேடாமல் கிடைத்ததை விட்டுவிட்டுத் தேனுக்கு அலையவேண்டாம். பை காற்றில் இழுபடும் ‘சரசர’வை நான்கு இடத்தில் திரும்ப வையுங்கள், பாட்டு வேண்டியதில்லை.

கச்சானை மாற்றவேண்டாம். கச்சான் வண்டியைத் தம்பி அழகாகக் கீறியிருக்கிறார், சுருள் கடதாசியில் கச்சான் குவிந்திருக்கிறது. சென்னைப் பிள்ளை அந்தப் படத்தைப் பார்த்தால் இது தன்னுடைய கடலைதான் என்று கண்டுகொள்ளும், புதிதாக ஒரு சொல்லும் அதன் பையில் விழும். படப் புத்தகத்தில் படமே அகராதி. (கச்சான் காற்றும் கச்சான் கொட்டையும் ஒரே பெயரில் இருப்பதை வைத்து நீங்கள் ஒரு தனிப் புத்தகமே எழுதலாம். எழுதினால் எனக்கு முதலில் அனுப்புங்கள்.) சிங்கள எழுத்தாளர் சிபில் வெத்தசிங்க 1956-இல் குடைத் திருடனைப் பற்றி எழுதிப் படமும் கீறிய புத்தகத்தில் வருவது முழுக்க முழுக்க ஒரு சிங்களக் கிராமம். மழைக்கு வாழையிலையைத் தலையில் பிடிக்கும் மனிதர்கள், கோப்பிக் கடை, குடை என்ற அதிசயம். வெளிநாட்டுப் பிள்ளைக்கு விளங்காதே என்று அவர் எதையும் மாற்றவில்லை. யப்பான்வரை போய் அது வாசிக்கப்பட்டது.

இனித் தம்பிக்கு. கோடு நன்றாக ஓடுகிறது. கை பயமில்லாமல் போகிறது. ஆனால் அவர் கீறியிருப்பது எந்த ஊர் மான் என்று எனக்கு விளங்கவில்லை. தாய்மானுக்குக் கொம்பு வைத்திருக்கிறார். புள்ளிமானில் கொம்பு ஆணுக்கு மட்டும்தான். தாய்க்கு இருக்கவேண்டிய புள்ளிகளையோ வைக்கவில்லை. வளர்ந்தால் புள்ளி மறைந்துவிடும் மான்கள் வேறு தேசத்தில் உண்டு, நம்முடையவற்றுக்குச் சாகும்வரை புள்ளி இருக்கும். தொலைபேசியில் தேடி எடுத்த படத்தைப் பார்த்துக் கீறியிருக்கிறார் என்று நினைக்கிறேன். வேறு ஊரில் என்றால் தப்பியிருக்கலாம். திருகோணமலைப் பிள்ளைகள் மானைத் தெருவில் வைத்தே பார்க்கிறவர்கள், முதல் நாளே பிடித்துவிடுவார்கள். ஒரு கிழமைக்கு விடியற்காலையில் கொப்பியும் பென்சிலுமாகக் கோட்டைப் பக்கம் போகச் சொல்லுங்கள். தொலைபேசி வீட்டில் இருக்கட்டும். மான் குனிந்து மேயும்போது தோள் எப்படி எழும்புகிறது, பயந்தால் காது எந்தப் பக்கம் திரும்புகிறது, குப்பைக் கூடைக்குள் தலையை விட்டால் பின்னங்கால் என்ன செய்கிறது என்று நூறு சின்னப் படம் கீறட்டும். கதைக்கு வேண்டியது அதில் பத்துதான். மற்றத் தொண்ணூறும் கைக்குள் தங்கும்.

இன்னொரு குறை. 19 பக்கத்திலும் குட்டி நடுவில், ஒரே பருமனில், பக்கவாட்டில் நிற்கிறது. அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்ததுபோல. சந்தைக்குள் முதன்முதலில் நுழையும் குட்டிக்கு உலகம் எப்படித் தெரியும்? சாரம், சேலை, அபாயா, செருப்பு, சைக்கிள் சில்லு, மேசைக் கால், எங்கோ உயரத்தில் தொங்கும் சூரை மீனின் வால். முகங்கள் தெரியாது. அந்தப் பக்கத்தைக் குட்டியின் கண் மட்டத்தில் கீறினால், ‘அதற்குப் பயமாக இருந்தது’ என்ற வரியை வெட்டிவிடலாம். தொலைந்துபோகும் பக்கத்தில் குட்டி கட்டைவிரல் அளவுக்குச் சிறுத்து, சுற்றிவரக் கடற்கரை வெறுமையாகக் கிடக்கட்டும். வெறும் வெள்ளை இடத்துக்குத் தம்பி பயப்படுகிறார், எல்லா மூலையிலும் ஒரு தென்னை நட்டிருக்கிறார். எழுத்து எங்கே உட்காரும்? கடைசியில் நீங்கள் ஓலைக்கு மேலே எழுத்தை அச்சடித்து, ஒருவராலும் வாசிக்கமுடியாமல் ஆகும்.

சந்தையில் நிற்கும் அத்தனை பேருக்கும் ஒரே முகம், ஒரே சட்டை. நம் ஊர்ச் சந்தை அப்படியா? மூன்று மொழியும் கேட்கும் இடம் அது. அதைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல், கீறிவிட்டால் போதும். குட்டியின் இடது காதில் இருந்த வெட்டு ஏழாம் பக்கத்தில் வலது காதுக்கு மாறியிருப்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசிப் பக்கம். அதை எடுத்துவிடுங்கள். கோபிக்கவேண்டாம், இதை நான் எல்லோருக்கும் சொல்கிறேன். பையைப் போட்டவர் ஒரு பெரிய ஆள். தின்றது மான். புத்திமதி கேட்பதோ உங்கள் முன்னால் சம்மணம் கட்டி இருக்கும் பிள்ளை. அது என்ன குற்றம் செய்தது? கடலில் இருந்த ஆமை புத்தி சொல்வதற்கென்றே சந்தைவரை நடந்து வந்திருக்கிறது, பாவம். நமக்குள் ஓர் ஔவையார் இருக்கிறார், பேனாவை எடுத்தால் அவரும் எழும்பிவிடுகிறார். உண்மையான ஔவையாரோ ஆத்திசூடியில் இரண்டு மூன்று சொல்லோடு நிறுத்திக்கொண்டவர். நாம்தான் ஒரு பக்கம் எடுக்கிறோம். கோட்டை மான்கள் பொலித்தீனைக் கிளறித் தின்பதைப் பிள்ளைகள் கண்ணால் காண்கிறார்கள். தின்னப்போன பையின் கைப்பிடி குட்டியின் கழுத்தில் மாட்டிக்கொள்வதாக ஒரு பக்கம் வைத்து, அதைத் தம்பி ஒழுங்காகக் கீறினால், அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது?

மிருக வைத்தியரும் எனக்குச் சம்மதமில்லை. பதினைந்தாம் பக்கத்தில் முதன்முதலாக வந்து, ஊசி போட்டு, எல்லாவற்றையும் தீர்த்துவிட்டுப் போகிறார். சிக்கலில் மாட்டிய சின்ன உயிர் தானே ஏதாவது செய்யவேண்டும், அல்லது அதன் அளவான இன்னொன்று உதவவேண்டும். கூரான நகம் உள்ள ஒருவர் மூன்றாம் பக்கத்திலிருந்தே உங்கள் கதைக்குள் இருக்கிறாரே.

அச்சு விடயம் சுருக்கமாக. 19 பக்கத்தில் புத்தகம் கட்டமுடியாது. கம்பி அடிக்கும் புத்தகத்துக்குப் பக்கம் நான்கின் மடங்கில் வரவேண்டும். ஒரு பெரிய தாளை இருபுறமும் அச்சிட்டு மடித்தால் 16 பக்கம், இரண்டு தாள் 32. படக்கதைப் புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கத்தில் இருப்பது இந்த மடிப்பினால்தான். உங்கள் கதைக்கு 24 போதும். தலைப்புக்கு ஒரு பக்கமும் பதிப்பு விபரத்துக்கு ஒரு பக்கமும் போனால், எதிரெதிராக விரியும் 10 இணைப்பக்கமும் முன்னும் பின்னுமாக இரண்டு ஒற்றைப் பக்கமும் மிஞ்சும். கதையை அதற்குள் அடக்குங்கள். அடங்காவிட்டால் வெட்ட இன்னும் இருக்கிறது என்று பொருள். முகம், கண், எழுத்து எதையும் நடு மடிப்பில் வைக்கவேண்டாம். என் முதற் புத்தகத்தில் அம்மம்மாவின் முகம் அப்படியே மடிப்புக்குள் போய், மூக்கில்லாமல் வந்தது. அச்சகத்தைத் திட்டிக்கொண்டு ஒரு மாதம் திரிந்தேன். பிழை என்னுடையது. ஓரங்களில் வெட்டுக்கென்று 3 மில்லிமீற்றர் கூடுதலாகக் கீறவேண்டும். தம்பி திரையில் தீட்டியிருக்கும் அந்த நிலாவெளிக் கடல் நிறம் அச்சகத்தின் நான்கு மையில் அப்படியே வராது, மங்கும். ஒரு பக்கத்தை முதலில் அச்சடித்துப் பார்த்துவிட்டு மற்றதைத் தீட்டச் சொல்லுங்கள். எழுத்தின் அளவு 18 பொயின்றுக்குக் குறையவேண்டாம். ணை, ஞா, ழி எல்லாம் சுழிந்து சுழிந்து வருபவை, அவற்றுக்கு மூச்சுவிட இடம் வேண்டும்.

ஆறு ஏ4 தாளை நடுவில் மடித்துத் தைத்தால் 24 பக்கத்துக்கு ஒரு மாதிரிப் புத்தகம் கிடைக்கும். தம்பி அதில் பென்சிலால் குச்சி மனிதர்களைக் கீறினாலும் போதும், நிறம் வேண்டாம். எழுத்தைத் துண்டுக் கடதாசியில் எழுதி ஒட்டுங்கள், இடம் மாற்ற வசதியாக இருக்கும். வகுப்பில் வாசித்துக் காட்டிவிட்டு, எந்தப் பக்கத்தில் யார் கையை நீட்டி எதைத் தொட்டார்கள் என்று அந்தந்தப் பக்கத்தின் ஓரத்தில் குறித்து எனக்கு அனுப்புங்கள். தபாலிலேயே அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் படம் படமாக வந்தால், நான் எதைப் புரட்டிப் பார்ப்பது?